முரசும் ஆராய்ச்சி மணியும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, சங்க அங்கத்தவரான பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





இந்தச் சபையிலே எழுந்து பேசுவதற்கு என்னிலும் வயதாலும் அனுபவத்தாலும் தகுதி வாய்ந்தவர்கள் பலர் முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்கள். ஆயினும் நமது செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வருஷா வருஷம் பக்தி, ஒழுக்கம், ஒற்றுமை என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த முறை நீ நம்முடைய சனங்களுக்கு நாளைக்கே பிரயோசனப்படும் விஷயம் ஒன்றைப் பேசு" என்று கட்டளையிட்டார். அந்தக் கட்டளையைச் சிரமேற்கொண்டு, அரசாங்கம் பிரஜைகளோடு எவ்வாறு பேசுகிறது, பிரஜைகள் அரசாங்கத்தோடு எவ்வாறு பேசவேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற எண்ணியுள்ளேன். பிழை இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

அரசாங்கம் பேசுவது என்பது புதிய விஷயமன்று. மணிமேகலைக் காவியத்தின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்திலே இந்திர விழா நடக்கப்போகிறது என்ற செய்தியை, பழங்குடியிலே பிறந்த முரசறைவோன் யானைமீது முரசேற்றி நகரெங்கும் அறிவிக்கிறான். அவன் வெறுமனே "விழா வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. வீதியிலே புது மணல் பரப்புங்கள், தெருக்களை அலங்கரியுங்கள், பகைவரோடும் சண்டையிடாமல் விலகியிருங்கள் என்று ஒவ்வொருவரும் செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறான். கேட்டவனுக்கு அதன்பின் சந்தேகம் எழ இடமில்லை. நல்ல அறிவித்தலுக்கு இதுவே இலக்கணம் என்பது என் அபிப்பிராயம்.

முரசு அரசன் பேசுவதற்கு உரியது. குடிகள் பேசுவதற்கு என்ன வழி? அதற்குத்தான் ஆராய்ச்சி மணி. திருவாரூரிலே கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் மணியை அசைத்த கதையை இங்கே இருக்கும் சிறு குழந்தையும் அறியும். ஆனால் இதே மணியைப் பற்றிச் சிங்கள மக்கள் போற்றும் மகாவம்சமும் சொல்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் தன் கட்டிலின் தலைமாட்டிலே ஒரு மணியைத் தொங்கவிட்டு, நீதி வேண்டுவோர் இழுப்பதற்கென்று நீண்ட கயிறு கட்டியிருந்தான் என்றும், கன்றை இழந்த பசு அதை அசைத்தது என்றும் அந்நூல் கூறுகிறது. தன்னோடு போரிட்ட மன்னனைப் பற்றியும் ஒரு நாட்டார் இவ்வாறு எழுதிவைத்தார்கள் என்றால், நீதி கேட்கும் மணியின் ஓசைக்கு இன பேதமில்லை என்பதன்றோ அதன் பொருள்? காண்பதற்கு எளியவனாகவும், தன் செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுப்பவனாகவும் அரசன் இருக்கவேண்டும் என்று வள்ளுவர் பெருமானும் கூறினார்.

ஆகவே ஓர் அரசாங்கத்துக்கு முரசும் வேண்டும், மணியும் வேண்டும். முரசு மட்டும் உள்ள அரசாங்கம் கட்டளையிடும். ஆனால் எதையும் அறிந்துகொள்ளாது.

நிற்க. நமது தோட்டங்களின் கதையைச் சற்றுப் பார்ப்போம். நமது பாட்டன் பூட்டன் காலத்திலே நம்முடைய முரசு எது? தப்பு. விடியுமுன் தப்பு அடித்தால் பெரட்டுக்குப் போகவேண்டும். சாவுக்கும் தப்பு, சாமிக்கும் தப்பு, வேலைக்கும் தப்பு. துரைமார் நம்மோடு பேசுவதற்குத் தமிழ் கற்றார்கள் என்பது உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சின்னத்துரைமாருக்காக ஒரு தமிழ்க் கைநூல் அச்சிடப்பட்டது. அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா" என்பதே! அந்த இரண்டு சொற்களிலே நமது பழைய சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "உனக்கு என்ன வேண்டும்?" என்பதோ, "நீ என்ன நினைக்கிறாய்?" என்பதோ அந்தப் புத்தகத்தின் பெயராகவில்லை.

நான் படித்தது பாதிரிமார் ஆரம்பித்த ஒரு பாடசாலையிலே. அந்தப் பாதிரிமாரும் நம்மவரோடு பேசவேண்டி முதலிலே தமிழ் கற்றவர்களே. அவர்களுடைய நோக்கம் அவர்களுக்கு. அதைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை. ஆனால் ஒரு பாடத்தை நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். யார் உண்மையாகவே பேச விரும்புகிறாரோ அவர் கேட்பவனுடைய பாஷைக்கு இறங்கி வருவார்.

துரை போய் அரசாங்கம் வந்தது. அரசாங்கம் நம்மோடு பேசிற்றா? பெரியோர்கள் இதை என்னைவிட நன்கு அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்படி விண்ணப்பம் செய்யலாம் என்றார்கள். அதற்கும் கடதாசி, அத்தாட்சி, தவணை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலே ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று எண்ணிப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்களின் பின்னரே இந்தக் கணக்கு ஒருவாறு முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து வருஷம்! அரசாங்கம் பிரஜைகளுக்கு அறிவித்தல் செய்கிறது என்று சொல்கிறோம். ஆனால் பிரஜையே அல்லாதவனுக்கு யார் அறிவித்தல் செய்வார்? ஆகையினாலேதான் இன்றைக்கும் நம்முடைய லயத்துக்கு ஒரு நீளமான காகித உறை வந்தால், திறப்பதற்கு முன்பே நம் பெரியவர்களுடைய கை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை அறியாமை என்று யாரும் எள்ளிநகையாட வேண்டாம். அது அனுபவம்.

இனிப் பாஷையின் கதை. 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாயிற்று. 1958ஆம் ஆண்டிலே தமிழ்மொழி விசேஷ ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. அதற்குரிய ஒழுங்குவிதிகள் 1966ஆம் ஆண்டுவரை காத்திருந்தன. 1987ஆம் ஆண்டிலே அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்டது. 1991ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு உண்டாயிற்று. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் நமது சப்பிரகமுவ போன்ற மாகாணத்திலும், ஓர் உத்தியோகத்தரிடமிருந்து தமிழிலே கடிதம் பெறவும், அவருக்குத் தமிழிலே எழுதவும், அவரோடு தமிழிலே கருமமாற்றவும் உங்களுக்கு உரித்துண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசாங்கத்தின் அறிவித்தல்களும் படிவங்களும் இரு மொழிகளிலும் இருக்கவேண்டும் என்பது 23ஆம் உறுப்புரையின் கருத்து. அதாவது நாம் தமிழிலே கேட்பது பிச்சையன்று, சட்டம். இதை நீங்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. இலங்கையின் அரசாங்க வர்த்தமானி முதன்முதலில் அச்சானது 1802ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அன்றிலிருந்து இருநூறு வருஷமாக அரசாங்கம் காகிதத்திலே பேசியது. இன்று திணைக்களங்கள் இணையத்திலே எழுதுகின்றன. முகநூலிலே படம் போடுகின்றன. கைத்தொலைபேசிக்கு நேராகவே செய்தி அனுப்புகின்றன. முன்னர் ஒரு விஷயம் அறிய யட்டியாந்தோட்டைக்குப் பஸ் ஏறிப் போய், வரிசையிலே நின்று, "நாளைக்கு வா" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பினோம். இன்று மலைமேட்டிலே அலை கிடைக்கும் ஒரு கல்லின்மீது நின்றுகொண்டே அதை அறியலாம். முரசு நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. இது மெச்சத்தக்க முன்னேற்றமே.

எழுதும் முறையும் உலகெங்கும் மாறிவருகிறது. 1948ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலே ஏர்னஸ்ட் கவர்ஸ் என்பவர், உத்தியோகத்தர்கள் சாதாரண சனங்களுக்கு விளங்கும்படி எழுதவேண்டும் என்று திறைசேரியின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு சிறு நூல் செய்தார். அமெரிக்காவிலே 2010ஆம் ஆண்டிலே, அரசாங்கம் எளிய நடையிலே எழுதவேண்டும் என்று சட்டமே செய்தார்கள். அடுத்த வருஷம் மே மாதத்திலே ஒரு வேடிக்கை நடந்தது. அந்நாட்டின் நோய்த் தடுப்பு நிலையம், செத்த பிணங்கள் எழுந்து நடந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று விளையாட்டாக ஒரு குறிப்பை இணையத்திலே எழுதிற்று. தண்ணீர் சேமித்து வையுங்கள், மருந்து வையுங்கள், குடும்பத்தார் சந்திக்கும் இடத்தைக் குறித்துவையுங்கள் என்பவையே அதன் புத்திமதி. புயலுக்கும் பூகம்பத்துக்கும் செய்யவேண்டிய ஆயத்தமும் அதுதானே! வாசிக்க வந்த கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் அந்தப் பக்கமே சற்று நேரம் நின்றுபோயிற்று. அரசாங்கம் மனிதரைப் போலப் பேசினால் மனிதர் கேட்பார்கள் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் நண்பர்களே, முரசு ஒலிப்பது வேறு. செவியிலே விழுவது வேறு. இதற்கு எங்கள் வீட்டிலே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மழைக்காலம். மூன்று நாளாக விடாத மழை. கித்துல்கல மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிபோல அப்பாவின் தொலைபேசிக்குச் செய்தி ஒன்று வந்தது. சிங்கள எழுத்து. அப்பா பார்த்துவிட்டு, "காசு போடச் சொல்லி கம்பெனிக்காரன் அனுப்பியிருக்கிறான்" என்று தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார். நானோ அடுத்த அறையிலே புத்தகத்தோடு இருந்தேன். என்னிடம் அவர் காட்டவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அரைமணி கழித்துக் கதவைத் தட்டும் சத்தம். கீழே கிராமத்திலிருந்து, என் அப்பாவோடு சேர்ந்து றப்பர் மலையிலே பால் வெட்டும் சிங்களவர் ஒருவர், தலையிலே ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்து நிற்கிறார். "அண்ணே, செய்தி பார்க்கவில்லையா? மண்சரிவு எச்சரிக்கை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்புங்கள்" என்றார். எங்கள் பணிய லயத்திலிருந்த அத்தனை பேரும் அப்பாயியைத் தூக்கிக்கொண்டு கோவில் மண்டபத்துக்குப் போனோம். விடிந்து பார்த்தபோது எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறித் தோட்டமும் ஆட்டுக் கொட்டகையும் இல்லை. கொட்டகைக்கும் எங்கள் சுவருக்கும் இடையிலே பத்து முழம்கூட இராது.

அந்தச் செய்தியை அனுப்பிய அலுவலகத்தின்மீது குறைகூற நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அவர்கள் முரசை அறைந்தார்கள். ஆனால் எங்கள் உயிரைக் காப்பாற்றியது முரசன்று, அந்த மனிதருடைய கால்கள். அவர் நல்லவராயிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு சனக்கூட்டத்தின் உயிர் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா என்பதே என் கேள்வி.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகளே பின்னர் கூறினார்கள். எச்சரிக்கை இருந்தது, ஆனால் அது சனங்களை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 2016 மே 17ஆம் திகதி நமது கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே நாளிலேதான் நமக்கு அயலான புலத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்திலும் மண் சரிந்து நம்மவர்கள் மாண்டார்கள். 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த நாட்களிலே எச்சரிக்கைகள் தமிழிலே உரிய வேளையில், போதிய அளவில் வரவில்லை என்ற முறைப்பாடு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. செத்தவர் எல்லாம் பாஷையினாலே செத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மழையும், மலையும், வறுமையும், நாம் குடியிருக்கும் இடமும் எல்லாம் சேர்ந்தே கொன்றன. ஆனால் வார்த்தையொன்று வேளைக்கு வந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய ஓர் உயிர் இருந்தாலும், அந்த ஓர் உயிருக்காக நாம் பேசத்தான் வேண்டும்.

"சிங்களத்தைப் படித்துவிட்டால் இந்தக் கஷ்டம் தீர்ந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. படிப்போம், அவசியம் படிப்போம். நம் அயலவரோடு அன்பாகப் பேச, அவர் கதவைத் தட்டும்போது அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள, நாமும் அவர் கதவைத் தட்ட, சிங்களம் வேண்டும். வாலிபர்களாகிய நாம் அதைப் படிக்காமலிருப்பதற்குச் சாட்டுச் சொல்லவே முடியாது. ஆனால் எண்பது வயது அப்பாயி இனி எப்பொழுது படிப்பது? மலை இறங்குவதற்கு முன் அவர் பரீட்சையிலே சித்தியடைய வேண்டுமா? படிப்பு நம் கடமை. அறிவித்தல் அரசாங்கத்தின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது தருமமன்று.

வேறு நாட்டார் இதற்கு என்ன செய்தார்கள்? 1970ஆம் ஆண்டு நவம்பரிலே, இன்று பங்களாதேசம் என்று சொல்லப்படும் கிழக்கு வங்காளக் கரையிலே ஒரு பெரும் புயல் வந்து மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை அழித்தது. அதன் பின்னர் 1972ஆம் ஆண்டிலே அங்கே தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். வானிலை நிலையத்திலிருந்து செய்தி வரும். அதைக் கிராமத்துத் தொண்டர் ஒலிபெருக்கியாலும் கொடியாலும் சைக்கிளிலே போயும் வீடு வீடாகச் சொல்வார். ஆண்களும் பெண்களுமாக இன்று பல்லாயிரம் தொண்டர்கள் இருக்கிறார்கள். புயல்கள் இப்பொழுதும் வருகின்றன. ஆனால் பழையபடி இலட்சக்கணக்கிலே சனங்கள் சாவதில்லை. விஞ்ஞானம் செய்தியைக் கரைவரை கொண்டுவந்தது. கடைசி நூறு முழத்தைக் கடந்தது மனிதன்.

வாலிபர்களே, அந்தக் கடைசி நூறு முழம் நம்முடையது. இந்தச் சங்கத்தின் வேலையாக நான்கு காரியங்களைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, மழையை அளப்பது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படிகளைச் சொல்கிறது. 24 மணி நேரத்திலே 75 மில்லிமீற்றர் மழைக்கு மேற்பட்டால் விழிப்பாயிருக்கவேண்டும். 100க்கு மேற்பட்டால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150க்கு மேற்பட்டால் இடம்விட்டுப் போகவேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத வெளியிலே வைத்து, சேர்ந்த தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு. பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு பாத்திரம், ஒரு கொப்பி, ஒரு பொறுப்பாளர் போதும். ஆனால் ஒன்று. சுவரிலே வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே எழும்ப வேண்டும்.

இரண்டாவது, செய்தியைத் தமிழாக்கிச் சொல்வது. சிங்களமும் தமிழும் அறிந்த மூவர் முறைவைத்து, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வானிலைத் திணைக்களமும் விடுக்கும் செய்திகளைப் பார்த்து, கோவில் ஒலிபெருக்கியிலே அறிவிக்கட்டும். நமக்கு மேலே காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன் பிரிட்ஜ், கென்யன், லக்சபான என்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அங்கே வான்கதவு திறந்தால் இங்கே ஆறு பெருகும். ஆற்றிலே துணி துவைக்கும் நம் பெண்களுக்கு அதை யார் சொல்வது? மாரியம்மன் திருவிழாவிலே ஊரையே எழுப்பும் அந்த ஒலிபெருக்கி, ஆபத்துக் காலத்திலே பேசினால் அம்மன் கோபிக்கமாட்டாள். ஆனால் எச்சரிக்கையாயிருங்கள். தொலைபேசியிலே கண்டதையெல்லாம் பரப்புவது தொண்டன்று. எந்த அலுவலகம், எந்தத் திகதி, எத்தனை மணி என்பது தெரியாத செய்தியை ஒலிபெருக்கியிலே சொல்லக்கூடாது. சந்தேகமானால் 117 என்ற இலக்கத்துக்குப் பேசி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையே கேளுங்கள்.

மூன்றாவது, ஒரு பலகை. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலோ கோவில் மதிலிலோ ஒரு கரும்பலகை. விண்ணப்பம் கோரும் அறிவித்தல், நடமாடும் சேவை, பரீட்சைத் தவணை ஆகியவற்றைப் பெரிய எழுத்திலே, எளிய தமிழிலே எழுதுவோம். "மேற்குறித்த சுற்றறிக்கையின் ஏற்பாடுகளுக்கமைய" என்று எழுதவேண்டாம். "அடையாள அட்டை இல்லாதவர்கள் இந்தத் திகதிக்குள் கிராம சேவகரைப் பாருங்கள், பிறப்புச் சாட்சிப் பத்திரம் கொண்டுபோங்கள்" என்று எழுதினால் போதும். அரசாங்கச் சேவைகளைப் பற்றி அறிய 1919 என்ற இலக்கம் இருப்பதையும் மூலையிலே எழுதிவைப்போம்.

நான்காவதுதான் முக்கியம். அதுவே மணி.

இதற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் அப்பாயிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் லயங்களுக்குத் தனி விலாசம் இல்லாதபடியால் அது பல கை மாறித் தாமதித்தே வந்து சேர்ந்தது. வந்ததும் சிங்களத்திலே. அப்பாயி அதைப் பத்திரமாக முருகன் படத்துக்குப் பின்னாலே செருகி வைத்துவிட்டார். அரசாங்கக் கடதாசி அல்லவா, தொலைக்கக் கூடாது என்ற மரியாதை! இரண்டு மாதம் கழித்து நான் எடுத்து வாசிப்பித்தபோது, ஒரு கொடுப்பனவுக்காகக் குறித்த நாளிலே நேரில் வரும்படி அழைத்த கடிதம் அது என்று தெரிந்தது. நாள் எப்பொழுதோ கடந்துவிட்டது. "விட்டுத் தள்ளு, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்றார் அப்பாயி.

நான் விடவில்லை. தமிழிலே ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் எப்பொழுது அனுப்பப்பட்டது, அப்பாயியின் விண்ணப்பம் இப்பொழுது எந்த நிலையில் இருக்கிறது, தமிழிலே அனுப்பாததற்குக் காரணம் யாது என்று மூன்று கேள்வி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டேன். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. பதினான்கு வேலைநாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்கவேண்டும். எழுத இயலாதவர் வாயாலே கேட்கலாம். தகவல் அதிகாரியே அதை எழுத்திலே பதிந்துகொள்ள வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. பதில் வந்தது, தமிழிலேயே வந்தது. புதிதாக ஒரு நாளும் குறித்திருந்தார்கள். அப்பாயி சேலை மாற்றிக்கொண்டு போய் வந்தார். அன்று மாலை அவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கமாட்டேன். "அந்த ஐயா என்னை இருக்கச் சொன்னாருடா" என்றார். பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை; நாற்காலியைப் பற்றிப் பேசினார். எண்பது வருஷமாக அலுவலக வாசலிலே நின்றவர் அவர்.

அந்த உத்தியோகத்தர் நல்லவர். நம் கடிதம் போனபின்பே அவருக்கு நாம் இருப்பது தெரிந்தது. பசு மணியை அசைக்காதிருந்தால் மன்னனுக்குக் கன்றைப் பற்றித் தெரிந்திருக்குமா? ஆகவே இந்தச் சங்கத்திலே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடித நாளாக இருக்கட்டும். பெரியவர்கள் உறைகளைக் கொண்டுவரட்டும். வாலிபர்கள் வாசித்துச் சொல்லட்டும். வேண்டிய பதிலைத் தமிழிலே எழுதிக் கொடுக்கட்டும். பாஷை உரித்து மீறப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். கோபமான வார்த்தை வேண்டாம், கெஞ்சும் வார்த்தையும் வேண்டாம். திகதி, விஷயம், கேள்வி, கையெழுத்து, அவ்வளவே.

"வீண் வம்பு எதற்குத் தம்பி?" என்று கேட்கும் பெரியவர்களின் பயத்தை நான் அறிவேன். உங்களுடைய அந்தப் பயத்துக்கு ஐம்பத்தைந்து வருஷச் சரித்திரம் இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே சொன்னேன். அதனாலேதான் உங்களை முன்னே போகச் சொல்லவில்லை. எங்கள் பின்னாலே ஆசீர்வாதத்தோடு நில்லுங்கள் என்றே கேட்கிறேன். பேசுவது வம்பன்று. அரசாங்கம் பேச, நாம் கேட்க, நாம் பேச, அரசாங்கம் கேட்கும்போதே நாம் பிரஜைகளாகிறோம். பத்திரத்திலே பிரஜாவுரிமை 2003இலே வந்துவிட்டது. பழக்கத்திலே அது இன்னும் வரவேண்டியிருக்கிறது.

சகோதரர்களே, சகோதரிகளே! அன்று மழையிலே எங்கள் கதவைத் தட்டிய மனிதருக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. எவ்வாறு சொல்வது என்று பலநாள் யோசித்தேன். அடுத்த மழையிலே இன்னொருவர் கதவை நான் தட்டுவதே அந்த நன்றி என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது. அது தமிழ்க் கதவாயிருந்தாலும் சரி, சிங்களக் கதவாயிருந்தாலும் சரி. இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், முதலாவது மழைமானிப் பாத்திரத்துக்குப் பொறுப்பேற்க இருவர் செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுத்தால், நான் பேசிய இந்த அரைமணி வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.

எல்லாம் வல்ல இறைவன் நம் மலைகளையும் மக்களையும் காத்தருளப் பிரார்த்தித்து, விடைபெறுகிறேன்.